மூலம் ஒன்று, உருப் பல

எவ்.எக்ஸ்.சி. நடராசா அவர்கள் 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' போன்றதொரு நூலைக் கணினியில் ஏற்றுங்கால், அச்சுக்கும் திரைக்கும் பெயரகராதிக்கும் வெவ்வேறு படிகள் எழுதிவைப்பின், ஒன்றிலே திருத்திய பிழை ஏனையவற்றில் நின்றுவிடும். நம் வாவிக்கரை ஏடுகளுக்கு இக்கேடு வேண்டா.

1998இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல். முறையில், இது செய்யுள், இது ஊர்ப்பெயர், இது பாடபேதம் என மூலத்திற் குறியிடுவோம்; தோற்றத்தைப் பற்றி ஒன்றுஞ் சொல்லோம். அது 1999இல் வந்த எக்ஸ்.எஸ்.எல்.டி. நடைத்தாளின் வேலை.

செய்நிரல் மூலத்தை ஒருமுறை வாசித்து, நினைவகத்தில் மரம்போற் கிளைவிரித்து வைக்கும். நடைத்தாள் அம்மரத்தை வெட்டுவதில்லை. அதனைப் பார்த்து வேறொரு மரத்தை ஆக்கும். அப்புதுமரத்தைக் கோப்பாக எழுதிவைக்காமலே அடுத்த நடைத்தாளிடம் ஒப்புவிக்கலாம். முதலாவது ஊர்ப்பெயர்களைத் திரட்ட, இரண்டாவது அவற்றை அகரவரிசையில் அச்சுக்கு அமைக்கும்.

ஈண்டு மாணவர் இடறும் இடம் ஒன்றுண்டு. ஜாவா மொழியின் ஆவண ஆக்கி, நாம் கேட்டாலன்றிப் பெயர்வெளியைக் கருதாது. பெயர்வெளியுடைய மூலத்தை அவ்வாறு வாசித்தால், நடைத்தாளின் விதிகள் மரத்தோடு பொருந்தா. பெரும்பாலும் வழுச்செய்தியும் வராது. குறிகள் நீங்கிய வெறுஞ் சொற்களே வந்து கொட்டும். மரத்தை ஆக்குமுன்னரே பெயர்வெளி அறிதலை இயக்கிவிடல் வேண்டும்.

இனி, கொக்கட்டிச்சோலை என்பதில் ஓரெழுத்துப் பிழைத்திருப்பின், மூலத்தில் ஒருகால் திருத்தி நிரலை மீள இயக்கினால், அச்சும் திரையும் அகராதியும் ஒருங்கே திருந்தும்.