ஆராய்ச்சியாளர் வயலுக்கு வரச் சிறு நிதி

பிரிட்டனில் உள்ள பல பல்கலைக்கழகங்கள் தம் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு சிறு நிதியை வழங்கி வருகின்றன. ஆராய்ச்சி செய்வதற்கான பணம் அல்ல இது. செய்யும் ஆராய்ச்சியைப் பொதுமக்களிடம் எடுத்துச் செல்லவும், அவர்கள் சொல்வதைக் கேட்டு வரவும் தரப்படும் பணம். தொகை பெரியதல்ல; சில நூறு பவுண்டு முதல் சில ஆயிரம் பவுண்டு வரை இருக்கும். பயணச் செலவு, கூட்டம் நடத்த இட வாடகை, வருவோருக்குச் சாப்பாடு, செயல்விளக்கத்துக்கான சாமான்கள் ஆகியவற்றுடன் செலவு முடிந்துவிடும். விவசாயிக்கு அரசு தரும் மானியத்துடன் இதைக் குழப்பிக் கொள்ளக் கூடாது. பணம் ஆராய்ச்சியாளர் பெயருக்குத்தான் வரும்.

இவ்வளவு சிறிய தொகைக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். அதற்கு விடை, இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள கம்ப்ரியா மலைப் பகுதியின் செம்மறி ஆட்டுக்காரர்களிடம் இருக்கிறது.

மூன்று வாரம் 26 ஆண்டான கதை

1986 ஏப்ரல் 26-ல் சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தது. காற்றில் கலந்த கதிரியக்கப் பொருள்கள் ஐரோப்பா முழுவதும் பரவின. மே முதல் வாரத்தில் பெய்த கனமழையோடு, கதிரியக்கச் சீசியம் கம்ப்ரியா, வடக்கு வேல்ஸ் முதலிய மலைகளின் புல்லில் இறங்கியது. புல்லை மேய்ந்த ஆடுகளின் இறைச்சியிலும் சீசியம் ஏறியது. ஜூன் மாதம் அரசு ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை விதித்தது. மூன்று வாரத்தில் தடை நீங்கிவிடும் என்று அறிவிக்கப்பட்டது.

நீங்கவில்லை. விஞ்ஞானிகள் கணக்குப் போட்டதில் தவறு இல்லை. கணக்குப் போட்ட மண்தான் வேறு. களிமண் பாங்கான நிலத்தில் சீசியம் களித் துகள்களோடு ஒட்டிக்கொள்ளும், பயிரின் வேருக்கு எளிதில் கிடைக்காது. அந்த அனுபவத்தை வைத்தே மூன்று வாரம் என்றார்கள். மலை மேல் இருப்பதோ மட்கிய தாவரங்கள் சேர்ந்து உண்டான, களி குறைந்த, புளிப்புத் தன்மை மிகுந்த மண். அதில் சீசியம் பிடிபடாமல் புல்லுக்கு ஏறும். ஆட்டின் வயிற்றுக்குப் போய்ச் சாணத்தின் வழியாக மீண்டும் மண்ணுக்கே வரும். மறுபடியும் புல்லுக்கு ஏறும்.

தொடக்கத்தில் பிரிட்டன் முழுவதும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் இந்தத் தடைக்குள் வந்தன. பின்னாளில் ஆடு விற்க விரும்புவோர் முதலில் அதிகாரியை வரவழைத்து, ஒவ்வோர் ஆட்டையும் கருவியால் சோதிக்கச் செய்ய வேண்டியிருந்தது. ஒரு கிலோ இறைச்சிக்கு 1000 பெக்கரல் என்ற வரம்பைத் தாண்டிய ஆட்டுக்குச் சாய முத்திரை குத்தினார்கள். கடைசித் தடை நீங்கியது 2012-ல். மூன்று வாரம் என்றது 26 ஆண்டாக முடிந்தது.

ஆட்டுக்காரர் சொன்னதும் அதிகாரி கேளாததும்

இந்த ஆட்டுக்காரர்களிடம் நேரில் பேசி ஆராய்ந்தவர் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின். அவர் எழுதி வைத்தவை எந்த நாட்டு விவசாயியும் புரிந்துகொள்ளக்கூடியவை.

பென்டோனைட் என்னும் களிமண்ணைத் தூவினால் சீசியத்தைப் பிடித்து வைக்குமா என்று பார்க்க விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, வேலி போட்டு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு களிமண் தூவி ஆடுகளை உள்ளே விட்டார்கள். ஆட்டுக்காரர்கள் அன்றே சொன்னார்கள்: மலை முழுவதும் திரிந்து மேயும் ஆட்டைப் பட்டியில் அடைத்தால் அது இளைத்துப் போகும், கணக்கு சரியாக வராது என்று. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில மாதங்கள் கழித்து, அதே காரணத்துக்காகச் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது.

மலைப் புல்லுக்குப் பதிலாக வைக்கோல் போடலாமே என்றும் யோசனை வந்தது. மலை ஆடு வைக்கோலைத் தொடாது என்பது அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். பள்ளத்தாக்கில் உள்ள புல் கொஞ்சம்தான். குட்டிகளைப் பருவத்தில் விற்காவிட்டால் குளிர்காலத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. இந்தச் சங்கடமும் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு எட்டவில்லை. இதன் பிறகு விஞ்ஞானிகள் சரியாகச் சொன்னதைக்கூட ஆட்டுக்காரர்கள் நம்பத் தயங்கினார்கள். அதில் வியப்பில்லை.

பத்தாண்டு கழித்து மாட்டிறைச்சியிலும் இதே கதை. பைத்திய மாட்டு நோய் கண்ட மாட்டின் இறைச்சியால் மனிதருக்கு ஆபத்தில்லை என்று சொல்லி வந்த அரசு, 1996 மார்ச்சில் மனிதருக்கு வந்த புதிய மூளை நோய்க்கு அதனுடன் தொடர்பு இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மாடு வளர்ப்போர் பெரும் நஷ்டம் அடைந்தனர்.

நிதி வந்த வழி

மக்களுக்கு விஞ்ஞானம் தெரியவில்லை, எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்பதுதான் பழைய எண்ணம். 1985-ல் வால்டர் போட்மர் தலைமையில் ராயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கை, மக்களிடம் பேசுவது விஞ்ஞானியின் கடமை என்றது. 2000-ல் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று மேலும் ஒரு படி சென்று, பேசினால் போதாது, உரையாட வேண்டும் என்றது. 2008-ல் சுமார் 92 லட்சம் பவுண்டு செலவில் 6 பல்கலைக்கழக மையங்கள் இதற்கென்றே அமைக்கப்பட்டன. பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியை மதிப்பிடும்போது, சமுதாயத்துக்கு விளைந்த பயனுக்கு என்று 2014-ல் 20 சதவீதமும் 2021-ல் 25 சதவீதமும் மதிப்பு ஒதுக்கப்பட்டது. ஆக, வயலுக்கு வருவதில் ஆராய்ச்சியாளருக்கும் லாபம் உண்டு. இதை விவசாயி தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நெதர்லாந்தில் 1970-களிலேயே வேறு வழி கண்டார்கள். ‘அறிவியல் கடை’ என்று பெயர். காசில்லாத சங்கங்கள் தங்கள் கேள்வியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். மாணவர்களும் ஆசிரியர்களும் ஆராய்ந்து விடை சொல்வார்கள். கேள்வி மக்களுடையதாக இருப்பதால் இம்முறையே மேல் என்று தோன்றுகிறது.

மண்வெட்டியும் மண்புழுவும்

குறைந்த செலவில் என்ன செய்ய முடியும் என்பதற்கு 2018-ல் இங்கிலாந்தில் நடந்த மண்புழுக் கணக்கெடுப்பு நல்ல உதாரணம். இதை நடத்தியது பல்கலைக்கழகம் அல்ல. 1843 முதல் இயங்கி வரும் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்த ஜாக்கி ஸ்ட்ரவுட், விவசாயிகளே தங்கள் வயலில் எண்ணும்படி ஒரு முறையை வகுத்துக் கொடுத்தார். ஒரு வயலில் 10 இடங்களில் 20 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுக்க வேண்டும். ஒவ்வொரு குழி மண்ணையும் 5 நிமிடம் கையால் உதிர்த்துப் புழுக்களைப் பொறுக்கி எண்ண வேண்டும். ஒரு வயலுக்கு ஒரு மணி நேரம் போதும். மண்வெட்டி, விரிப்பு, பாத்திரம், தண்ணீர், குறிப்புத் தாள் தவிர வேறு சாமான் கிடையாது.

எண்ணிக்கை மட்டும் அல்லாமல் வகையும் பார்த்தார்கள். மேல்பரப்புச் சருகில் வாழ்வது ஒரு வகை. மேல்மண்ணுக்குள் திரியும் வெளிர் நிறப் புழு இரண்டாவது. நேராகக் கீழே ஆழமாகத் துளையிடும் பெரிய புழு மூன்றாவது. மழைநீர் உள்ளிறங்கவும் வேர் கீழே போகவும் வழி செய்வது இதுதான். அடிக்கடி உழுதால் முதல் வகையும் மூன்றாவது வகையும்தான் முதலில் குறையும்.

சுமார் 3,200 ஏக்கர் பரப்பில் எண்ணிப் பார்த்ததில், சராசரியாகக் குழிக்கு 9 புழுக்கள் கிடைத்தன. 42 சதவீத வயல்களில் இவ்விரு வகையில் ஒன்றோ இரண்டுமோ அரிதாக இருந்தன அல்லது இல்லவே இல்லை. அதிக உழவின் அறிகுறி இது. கணக்கெடுத்தவர்களில் 57 சதவீதம் பேர் தங்கள் மண் பராமரிப்பை மாற்றப்போவதாகச் சொன்னார்கள். பத்துச் சொற்பொழிவு கேட்டிருந்தாலும் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே. தன் கையால் எண்ணியதை யாரும் மறுப்பதற்கில்லை.

வருபவரிடம் கேட்க வேண்டியவை

நம் பக்கத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் விவசாயிகளின் வயலில் சோதனை நடத்துகின்றன. நாட்டின் முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டதுதான். ஆராய்ச்சியாளர் எந்த நிதியில் வந்தாலும், சோதனைக்கு நிலம் தருமுன் விவசாயி சிலவற்றைத் தயங்காமல் கேட்கலாம். இது யாருடைய கேள்வி? விளைச்சல் குறைந்தால் யார் பொறுப்பு? ஒரு நாள் வேலையை விட்டு வந்து நிற்பதற்குக் கூலி உண்டா? முடிவை எப்போது, தமிழில், யார் வந்து சொல்வார்கள்? முன்பே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. சோதனை அமைப்பு தன் நிலத்துக்கு ஒவ்வாது என்று பட்டால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கம்ப்ரியாவில் சொன்னதைப் போல வாய்மொழியாக மட்டும் அல்லாமல், அந்தத் தாளிலும் அதைக் குறிக்கச் செய்ய வேண்டும்.

மண்புழு எண்ணிப் பார்க்க விரும்புவோர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் நாளில் காலை வேளையில் குழி எடுக்கலாம். இங்கிலாந்தின் 9 புழு என்ற கணக்கு நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் பொருந்தாது. ஒரே வயலை ஆண்டுதோறும் அதே பருவத்தில் எண்ணி ஒப்பிட வேண்டும். கோடையில் புழுக்கள் ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பதால் அப்போது எண்ணுவதில் பயனில்லை.