இறுதித் தீர்ப்பு: எப்பொழுது, எவர்மேல்?



2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினமுமாகும். அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை நமது நாட்டில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. கோயிலுக்குச் சென்றோர், செல்லாதோர், இந்துக்கள், பௌத்தர், இஸ்லாமியர், கிறிஸ்தவர் என்ற வேற்றுமை எதனையும் அக்கடல் பார்க்கவில்லை. கரையோரப் பகுதிகளில் பாடசாலைகள் பல அகதி முகாம்களாயின. நான் அந்நாளில் உதவி ஆசிரியனாகப் பணியாற்றிய பாடசாலையும் அவற்றுள் ஒன்று.

ஒருநாள் மாலை நிவாரணப் பொருள்களுடன் வந்த பெரியவர் ஒருவர், பொருள்களைப் பகிர்ந்தளித்த பின்னர் சிறிது நேரம் பேசினார். நல்லெண்ணம் உடையவர்தாம். ஆயினும், கடல் பொங்கியது கரையில் வாழ்ந்தோரின் பாவத்தின்மேல் இறைவன் இட்ட தீர்ப்பு என்றும், இறுதிநாள் தொடங்கிவிட்டது என்றும் அவர் கூறினார். அவர் போன பின்பு, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். அவனுடைய தம்பியைக் கடல் கொண்டுபோயிருந்தது. “சேர், அந்த ஐயா சொன்னது உண்மையெண்டால் என்ர தம்பி என்ன பாவம் செய்தவன்? அவனுக்கு நாலு வயசுதானே?” என்று கேட்டான். நான் வாய்திறவாது நின்றேன்.

அவனுடைய கேள்வி புதியதன்று. இறுதிநாள், தெய்வத் தீர்ப்பு என்னும் இரண்டையும் குறித்துக் கிறிஸ்தவ உலகம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுப்பிவரும் வினாக்களை இரண்டாகச் சுருக்கிக் கூறலாம். எப்பொழுது என்பது ஒன்று. எவர்மேல் என்பது மற்றொன்று. இவ்வினாக்களுக்கு மாந்தர் எவ்வெவ்வாறு விடை கண்டனர், வேதம் தானே என்ன விடை தருகின்றது என்பதை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

இறுதிக்காலம்பற்றிப் பேசும் நூல்களுள் தலையாயவை இரண்டு. ஒன்று பழைய ஏற்பாட்டிலுள்ள தானியேல். மற்றது புதிய ஏற்பாட்டின் கடைசி நூல். அதனைச் சிலர் வெளிப்படுத்தின விசேஷம் என்பர். கத்தோலிக்க மக்கள் திருவெளிப்பாடு என்பர். மிருகங்களும், கொம்புகளும், முத்திரைகளும், எக்காளங்களும் நிறைந்த இந்நூல்களைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின், இவை எவருக்காக எழுதப்பட்டன என்பதை முதலில் அறிதல் வேண்டும். அந்தியோக்கு என்னும் அரசன் கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி யூத மக்களை ஒடுக்கிய காலத்தையொட்டியே தானியேல் நூல் இன்றைய வடிவம் பெற்றதென்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருத்து. வெளிப்படுத்தின விசேஷமோ, முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பத்மு என்னும் சிறு தீவிலிருந்த யோவான் என்பவர், சின்ன ஆசியாவிலிருந்த ஏழு சபைகளுக்கு எழுதியது. உரோமப் பேரரசனைத் தெய்வமென வணங்க மறுத்தோர் துன்புற்ற காலம் அது.

அந்நூலில் வரும் 666 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘க’ ஒன்றையும் ‘உ’ இரண்டையும் குறிப்பதுபோல, எபிரேய மொழியில் எழுத்துகளே எண்களாகவும் வழங்கும். நீரோ சீசர் என்ற பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 666 வரும். பழைய ஏட்டுப் பிரதிகள் சிலவற்றில் இவ்வெண் 616 என்று காணப்படுகின்றது. அப்பெயரின் இலத்தீன் வடிவத்தை அவ்வாறே எழுதிக் கூட்டினால் வருவதும் அதுவே. ஆகவே, அம்மிருகம் அக்கால மக்கள் கண்ணெதிரே கண்ட கொடுங்கோன்மையைக் குறித்தது என்பது பல அறிஞர் கொள்கை. பேரரசே கடைசி நீதிபதி அன்று, அதற்கும் மேலே ஒரு நீதிமன்றம் உண்டு என்பதே துன்புற்றோருக்கு அந்நூல் அளித்த செய்தி. தீர்ப்பு என்ற சொல் முதற்கண் ஓர் ஆறுதலாகவே ஒலித்தது என்பதை மனத்திற் கொள்க.

பின்வந்தோர் இந்நூல்களை நான்கு வழிகளில் வாசித்தனர். கூறப்பட்டவை பெரும்பாலும் அக்காலத்திலேயே நிறைவேறிவிட்டன என்பது ஒரு வழி. திருச்சபையின் வரலாறு முழுவதும் அவற்றுள் வரிசையாக அடங்கியிருக்கின்றது என்பது இரண்டாவது. அவை இனிமேல்தான் நிகழவிருக்கின்றன என்பது மூன்றாவது. எக்காலத்துக்கும் பொருந்தும் நன்மை தீமைப் போராட்டத்தின் உருவகமே அவை என்பது நான்காவது. கிறிஸ்துவின் ஆயிர வருட அரசாட்சியைப் பற்றியும் இவ்வாறே கருத்து வேறுபாடு உண்டு. அவர் வந்த பின்னரே அவ்வரசு தொடங்கும் என்போரும், நற்செய்தி உலகெங்கும் பரவி அவ்வரசு நிகழ்ந்த பின்னரே அவர் வருவார் என்போரும், ஆயிரம் என்பது ஒரு குறியீடே என்போரும் உளர்.

குறியீடு என்ற கருத்தை வலுவாக நிலைநாட்டியவர் அகுஸ்தீனார். கி.பி. 410இல் கொத்தியர் படை உரோமாபுரியைச் சூறையாடியது. உலகமே முடிந்துவிட்டதாக மக்கள் அஞ்சினர். அச்சூழலில் அவர் 413 முதல் 426 வரை எழுதிய ‘கடவுளின் நகரம்’ என்னும் பெருநூலில், ஆயிர வருடம் என்பது திருச்சபை உலகில் நிலவும் காலம் முழுவதையும் குறிக்கும் என்று விளக்கினார். விரல்விட்டு ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தோரை அதனைக் கைவிடுமாறும் அறிவுறுத்தினார். ஆயினும் விரல்கள் ஓயவில்லை. கிறிஸ்தவ வரலாற்றில் எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டுகளைக் குறித்தனர். அவர்களுள் ஒருவருடைய கதையைச் சற்று விரிவாகக் கூறுகின்றேன்.

வில்லியம் மில்லர் என்பவர் 1782இல் பிறந்தவர். அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்து விவசாயி. 1812இல் மூண்ட போரிற் பங்கு கொண்டவர். 1816 முதல் வேதத்தை வரிவரியாக ஆராயத் தொடங்கினார். தானியேல் நூலில் 2300 நாள்களின் பின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்று ஒரு குறிப்பு உண்டு. நாள் ஒன்றை ஆண்டு ஒன்றாகக் கொண்டார். எருசலேமை மீளக் கட்டியெழுப்பும் ஆணை பிறந்ததாகத் தாம் கருதிய கி.மு. 457இலிருந்து எண்ணினார். 2300இலிருந்து 457ஐக் கழித்தால் 1843 வரும். கிறிஸ்து மீண்டும் வரும் ஆண்டு அதுவே என முடிவு செய்தார். பல ஆண்டுகள் தயங்கியிருந்து, 1831இலேதான் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். பத்திரிகைகள் அவருடைய செய்தியை எங்கும் பரப்பின. பல்லாயிரவர் நம்பினர்.

1843 மார்ச் 21 முதல் 1844 மார்ச் 21 வரை அவர் குறித்த ஆண்டு, அது கழிந்தது. கி.மு. ஒன்றுக்கும் கி.பி. ஒன்றுக்கும் இடையில் சுழியம் என்ற ஆண்டு இல்லை. ஆதலால் ஓர் ஆண்டு கூட்டிக் கணக்கிடவேண்டும் என்பது புலனாயிற்று. அவருடைய அணியைச் சேர்ந்த சாமுவேல் சுனோ என்பவர், யூதருடைய பாவநிவாரண நாளை அடிப்படையாகக் கொண்டு 1844 ஒக்டோபர் 22 என்று நாளையே குறித்தார். விவசாயிகள் சிலர் விளைந்த பயிரை அறுவடை செய்யாது விட்டனர். வணிகர் சிலர் கடைகளை மூடினர். வேறு சிலர் தாம் பட்ட கடன்களைத் தீர்த்தனர். பகைத்த அயலாரிடம் சென்று மன்னிப்புக் கேட்டனர். ஒக்டோபர் 22 வந்தது. இரவு முழுவதும் விழித்திருந்தனர். மறுநாள் வழக்கம்போலச் சூரியன் உதித்தது. ‘பெரும் ஏமாற்றம்’ என்றே வரலாறு அதனை அழைக்கின்றது. மில்லர் தம் கணக்குப் பிழைத்ததை ஒளிக்காது ஒப்புக்கொண்டார். நம்பிக்கையை மட்டும் கைவிடாமல் 1849இற் காலமானார். அவ்வியக்கத்திலிருந்து தோன்றி 1863இல் அமைப்புருப் பெற்ற ஏழாம் நாள் அட்வென்டிஸ்து சபை, அதன் பின்னர் நாள் குறிப்பதை மேற்கொள்ளவில்லை.

இம்மக்களை எள்ளி நகையாடுவது எளிது. நான் அதனைச் செய்யமாட்டேன். அவர்கள் குறித்த நாள் பொய்த்தது. தீர்த்த கடன் பொய்க்கவில்லை. கேட்ட மன்னிப்பும் பொய்க்கவில்லை. தீர்ப்பைப்பற்றிய நினைவு ஒருவனைத் தன் அயலானுடைய வாசலுக்கு அழைத்துச் செல்லுமாயின், அந்நினைவு வீண் போகவில்லை என்றே கொள்ளவேண்டும்.

ஆனால், அதே நினைவு வேறு திசையிற் செல்வதும் உண்டு. எவர்மேல் என்ற இரண்டாவது வினா எழுவது அங்கேதான். ஜெர்மனி நாட்டிலுள்ள மியூன்ஸ்டர் நகரை 1534ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு கூட்டத்தார் கைப்பற்றினர். மறுஞானஸ்நானம் பெற்றவர்களாகிய அவர்கள், அதன்பொருட்டு ஏனையோரால் கொடுமையாகத் துன்புறுத்தப்பட்டவர்கள். அவர்களுடைய தலைவர் யான் மத்தைஸ், வரும் உயிர்த்த ஞாயிறன்று உலகம் தண்டிக்கப்படும், இந்நகரமே காக்கப்படும் என்றார். மறுஞானஸ்நானம் பெற மறுத்தோர் உறைபனிக் காலத்தில் நகரைவிட்டு விரட்டப்பட்டனர். குறித்த உயிர்த்த ஞாயிறன்று, சிலரோடு மட்டும் பகைவர் படையை எதிர்த்துச் சென்ற மத்தைஸ் கொல்லப்பட்டார். அடுத்து யான் வான் லைடன் என்ற தையற்காரர் தம்மை அரசராக அறிவித்தார். எதிர்த்துப் பேசியோர் கொல்லப்பட்டனர். முற்றுகையால் நகரம் பட்டினியில் வாடியது. 1535 ஜூனில் ஆயரின் படை உள்ளே புகுந்து மக்களைக் கொன்று குவித்தது. தலைவர் மூவர் 1536 ஜனவரியில் கொல்லப்பட்டு, அவர்களுடைய உடல்கள் இரும்புக் கூடுகளில் ஆலயக் கோபுரத்தில் தொங்கவிடப்பட்டன. அக்கூடுகளை இன்றும் அங்கே காணலாம். தெய்வம் வழங்கவேண்டிய தீர்ப்பை மனிதன் தன் கையில் எடுத்தான். நகருக்குள் இருந்தோரும் எடுத்தனர், வெளியே இருந்தோரும் எடுத்தனர். அக்கொடுமையைக் கண்டு, எஞ்சியிருந்தோரை மென்னோ சீமன்ஸ் என்பவர் வன்செயலற்ற வழியில் திருப்பினார். மென்னோனைற்றர் என்னும் சபையினர் அவர் வழிவந்தவர்.

இனி, வேதம் தானே கூறுவதென்ன? யோனாவின் கதையை நினைவுகூருங்கள். நாற்பது நாளில் நினிவே அழியும் என்று அறிவிக்கும்படி அவர் அனுப்பப்பட்டார். மக்கள் மனந்திரும்பினர், நகரம் அழியவில்லை. முன்னுரைத்தது நிறைவேறவில்லையே என்று யோனாதான் மனம் கசந்தார். கடவுளோ அந்நகரத்துக் குழந்தைகளையும் கால்நடைகளையும் எண்ணி இரங்கினார். அழிவைப் பற்றிய அறிவிப்பு, அவ்வழிவு வாராதிருக்கும் பொருட்டே கூறப்பட்டது. இதனை மறந்து, பிறருடைய அழிவை ஆவலோடு எதிர்பார்த்திருப்பவர், யோனாவின் பக்கத்திலேயே அமர்ந்திருக்கின்றார்.

எப்பொழுது என்று சீடர்கள் கேட்டபோது, அந்நாளைத் தந்தையன்றி வேறெவரும் அறியார், தாமும் அறியார் என்றே இயேசு விடை கூறினார். எவர்மேல் என்பதற்கும் அவர் விடை கூறியுள்ளார். எருசலேமில் சீலோவாம் என்னும் இடத்துக் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டிருந்தனர். அந்நகரத்தார் எல்லோரினும் அவர்கள் பெரிய குற்றவாளிகளென நினைக்கின்றீர்களோ என்று தம்மிடம் கூடியிருந்தோரைக் கேட்டு, அல்ல என்று அவரே மறுமொழியும் கூறினார். அத்துடன் நில்லாது, கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனந்திரும்புமாறு எச்சரித்தார். மாண்டவர்களை நோக்கிக் காட்டிய விரல்களை, காட்டியவர்களுடைய நெஞ்சை நோக்கியே அவர் திருப்பிவிட்டார்.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்திலுள்ள இறுதித் தீர்ப்புக் காட்சி இதனை முழுமையாக்குகின்றது. அங்கே நீதிபதி எவரிடமும் ஆண்டுக் கணக்குக் கேட்கவில்லை. பசித்தவனுக்கு உணவளித்தாயா, அந்நியனை ஏற்றாயா, நோயுற்றவனையும் சிறையிலிருந்தவனையும் சென்று பார்த்தாயா என்பதே விசாரணை. இருதரத்தாரும் திகைக்கின்றனர். நல்லது செய்தோர் தாம் எவருக்குச் செய்தோம் என்பதை அறியாமலே செய்திருந்தனர். செய்யாதோரும் அறியாமலே விட்டிருந்தனர்.

பாடசாலை அதிபன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றைக் கூறி விளக்கலாம். வித்தியாதரிசி வரும் நாள் முன்கூட்டியே தெரிந்தால், அன்றைக்கு மட்டும் சுவர்கள் வெள்ளையாகும், பதிவேடுகள் ஒழுங்காகும். நாள் தெரியாத பாடசாலையிலேதான் ஒவ்வொரு நாளும் பாடம் நடக்கும். நாள் மறைக்கப்பட்டிருப்பது நம்மை அச்சத்தில் வைப்பதற்காக அன்று; ஒவ்வொரு நாளையும் பொறுப்புள்ள நாளாக ஆக்குவதற்காகவே என்பது என் துணிபு. தீர்ப்பு இல்லை என்று நான் கூறவில்லை. அநீதிக்கு விடை கேட்கப்படாத உலகம் துன்புற்றோருக்குத் தாங்கமுடியாத உலகமாகும். கேட்கப்படும் என்பதே வேதத்தின் உறுதி. அவ்வினா முதலில் என்னை நோக்கியே வரும் என்பதும் அவ்வுறுதியின் ஒரு பகுதியாகும்.

அன்று என்னிடம் கேட்ட மாணவன் இன்று முப்பது வயதைக் கடந்திருப்பான். எங்கிருக்கின்றான் என்று அறியேன். இப்பேச்சைக் கேட்கின்றானாயின், காலந்தாழ்த்தியேனும் விடை கூறக் கடமைப்பட்டிருக்கின்றேன். தம்பி, உன் தம்பியின்மேல் எந்தத் தீர்ப்பும் இல்லை. அம்மாலைப் பொழுதில் விசாரிக்கப்பட்டவர்கள் நாங்களே. உனக்குச் சோறு கொடுத்தார்களா, உன் அருகில் அமர்ந்தார்களா, உன் கேள்விக்குச் செவிகொடுத்தார்களா என்பதே அன்றைய வினா. செவிகொடுத்தும் மறுமொழி கூறாது நின்றவன் நான். அந்தக் கடனைத்தான் இன்று தீர்க்க முயன்றேன்.