பல்லைக் கடித்தால் மூடும் கண்

தொழுநோய்க் கிருமிக்குச் சூடு ஆகாது. உடலின் உள்வெப்பமான 37 டிகிரியைவிட நாலைந்து டிகிரி குறைவான இடத்தில்தான் அது நன்றாகப் பெருகும். ஆகவே மூளையை விட்டுவிட்டு, தோலை ஒட்டி ஓடும் நரம்புகளைப் பிடிக்கிறது. அவற்றைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களுக்குள் குடியேறுகிறது.

மூளையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு இணைக் கபால நரம்புகளில் அதிகம் சிக்குபவை ஏழாவதும் ஐந்தாவதும். முகத்தசைகளை இயக்கும் ஏழாவது நரம்பின் ஒரு கிளை, கன்ன எலும்பின் மேல் தோலுக்குச் சற்றே கீழாக இமைக்குப் போகிறது. குளிர்ச்சியான அந்தப் பாதையில் கிருமி புகுந்தால் இமை மூடாது. தூக்கத்திலும் கண் பாதி திறந்தே இருக்கும். சாதாரண முகவாதத்தில் வாயும் கோணும். இதில் பல சமயம் வாய் நன்றாக இருக்க, இமை மட்டும் செயலிழக்கும்.

கருவிழியில் தூசி விழுந்தால் உறுத்துவது ஐந்தாவது நரம்பால். அதுவும் மரத்துப்போனால் ஆபத்து இன்னும் அதிகம். மூடாத கண் காய்ந்து, கீறப்பட்டு, புண்ணாகும். வலி இல்லாததால் நோயாளி மருத்துவரிடம் போகமாட்டார். இப்படிப் பார்வை பறிபோகலாம்.

ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் அடங்கிய கூட்டு மருந்தை 1982-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் சாப்பிட்டால் கிருமி ஒழியும். ஆனால் நரம்பைக் கெடுப்பதில் கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் அழற்சிக்கும் பெரும் பங்கு உண்டு. மருந்து முடிந்த பிறகும் அது வரலாம். அதற்குத் தனியாக பிரட்னிசோலோன் தரவேண்டும். பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் தந்தால்தான் நரம்பு மீள நல்ல வாய்ப்பு.

காலம் கடந்தவர்களுக்கு அறுவை உண்டு, அதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. மெல்வதற்கு உதவும் நெற்றிப்பொட்டுத் தசையை இயக்குவது ஐந்தாவது நரம்பின் ஆழமான கிளை. வெதுவெதுப்பான இடத்தில் இருப்பதால் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அந்தத் தசையின் ஒரு பட்டையைத் திருப்பி இமைகளின் வழியே இழுத்துத் தைக்கிறார்கள். பிறகு பல்லைக் கடித்தால் கண் மூடும். சாப்பிடும்போது தானே சிமிட்டும். ஆனால் கருவிழியின் உணர்வு திரும்பாது. எனவே நினைத்து நினைத்துக் கண்ணை மூடும் பழக்கம் வேண்டும். தினமும் கண்ணாடியில் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கவும் வேண்டும். வேலூர் அருகே கரிகிரி மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கண்களைப் பேணுவதற்கே பல ஆண்டுகள் உழைத்தவர் டாக்டர் மார்கரெட் பிராண்ட்.

முகத்தில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், மருந்து இலவசம். கண்ணருகே இருக்கும் தேமல் சிவந்து தடித்தாலோ, இமை சரியாக மூடாவிட்டாலோ, அன்றைக்கே போங்கள்.