வினைக்கொக்கியும் வலைத்தளமும்

புதிதாய்க் கட்டும் வீட்டின் விட்டத்திலே தச்சர் இரும்பு வளையம் ஒன்றைப் பொருத்திச் செல்வதுண்டு. அதிலே விளக்குத் தொங்குமோ, ஊஞ்சலாடுமோ, தொட்டில் கட்டப்படுமோ என்பதை அவர் அறியார். குடியேறுவோர் தத்தம் தேவைக்கேற்ப அதனைப் பயன்கொள்வர். அதன்பொருட்டு விட்டத்தை அறுக்கவேண்டுவதில்லை. வேர்ட்பிரஸ் என்னும் வலைத்தள மென்பொருளில் 'ஆக்‌ஷன் ஹுக்' என வழங்குவது இத்தகையதொரு வளையமேயாம். அதனை ஈண்டு வினைக்கொக்கி என்போம்.

இதனை நாம் விரும்பிக் கற்றோமல்லோம், பட்டே கற்றோம். நம் தமிழ் மன்றத்தின் தளத்தில், ஏழை மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவேண்டிய இறுதி நாளை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரியாக இட்டிருந்தோம். அவ்வரியை, தளத்தின் தோற்றத்தை வகுக்கும் 'தீம்' கோப்பினுள்ளேயே நேராக எழுதிவிட்டோம். சின்னாளில் அத்தீமின் புதுப்பதிப்பு வந்தது; பொத்தானை அழுத்திப் புதுப்பித்தோம். பழைய கோப்பு நீங்கிப் புதுக்கோப்பு வந்தமர்ந்தது. நம் வரியும் உடன்போயிற்று. பத்து நாள்வரை ஒருவரும் கவனித்திலோம். அதற்குள் தவணை கடந்துவிடவே, முதலாண்டு மாணவர் இருவர் விண்ணப்பிக்க வழியின்றி நின்றனர். பிழை நம்முடையதே.

வேர்ட்பிரஸ் 2003-ஆம் ஆண்டில் மாட் மல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவரால் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு வெளிவந்த 1.2-ஆம் பதிப்பிலேயே இக்கொக்கிகள் இடம்பெற்றன. பக்கம் ஒன்றைப் புனைந்தனுப்புங்கால் மென்பொருள் பல பணிகளை வரிசையாகச் செய்கின்றது. இடையிடையே குறித்த இடங்களில் நின்று, 'டூ ஆக்‌ஷன்' என்னும் கட்டளையால், இவ்விடத்திற் பணிசெய்யப் பெயர் கொடுத்தோர் உளரோ என வினவுகின்றது. உளராயின் அழைத்து வேலைவாங்கி மேற்செல்லும். இலராயின் வாளா செல்லும். பெயர் கொடுத்தற்குரிய கட்டளை 'ஆட் ஆக்‌ஷன்' என்பது. கொக்கியின் பெயரையும், நாம் எழுதிய செயற்கூற்றின் பெயரையும் அதற்குச் சொல்லுதல் வேண்டும். நமக்கு வேண்டியது பக்கத்தின் முடிவில் அமைந்த 'டபிள்யூபி ஃபூட்டர்' என்னும் கொக்கி. தீம் எழுதினவர் அதனை அழைக்க மறந்திருப்பின், நாம் எத்துணைமுறை பெயர் கொடுத்தும் பயனில்லை.

இவற்றோடு ஓர் எண்ணும் கொடுக்கலாம். கொடாவிடின் 10 எனக் கொள்ளப்படும். சிற்றெண் முந்தும், பேரெண் பிந்தும். எண் ஒத்திருப்பின் முன் பதிந்தது முந்தும். இஃது அற்பமெனத் தோன்றும். ஆயினும், பிறர் சேர்த்ததொரு செயலை 'ரிமூவ் ஆக்‌ஷன்' என்பதனால் நீக்கப் புகுங்கால், அவர் கொடுத்த எண்ணையே நாமும் கொடுத்தாலன்றி அது நீங்காது. நீங்கவில்லை என்று நமக்கு அறிவிப்பதுமில்லை! ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இதற்கே பறிகொடுத்தோம்.

வடிகட்டி எனத்தக்க 'ஃபில்டர்' என்பது வேறு. அதனிடம் ஒரு பொருள் கொடுக்கப்படும். அதனைத் திருத்தித் திருப்பித் தருதல் அதன் கடன். வினைக்கொக்கிக்கு அக்கடனில்லை.

அஞ்சவேண்டிய இடமும் ஒன்றுண்டு. 'சேவ் போஸ்ட்' என்னும் கொக்கி, ஒரு பதிவு சேமிக்கப்படுந்தோறும் அழைக்கப்படுவது. அதிலே மாட்டிய செயற்கூறு அப்பதிவையே மீண்டும் சேமிக்குமாயின் கொக்கி மீண்டும் அழைக்கப்படும். அது மீண்டும் சேமிக்கும். இவ்வாறே முடிவின்றிச் சுழலும். ஆதலின், சேமிக்குமுன் தன்னைக் கழற்றிக்கொண்டு, சேமித்தபின் மாட்டிக்கொள்ளுமாறு அதனை எழுதுவர்.

நம் வரியை இப்பொழுது 'பிளகின்' என்னும் தனிச் செருகுநிரலில் எழுதி, கொக்கியில் மாட்டியிருக்கின்றோம். பத்து வரிக்கு மேற்படாத கோப்பு அது. தீம் மாறினும் அதற்குக் கேடில்லை. அதன்பின் தீம் இருமுறை புதுப்பிக்கப்பட்டது. இரண்டு முறையும் உடனே தளத்தைத் திறந்து அடிப்பகுதியைப் பார்த்தோம். இறுதி நாள் இருந்த இடத்திலேயே இருந்தது.