ஊர்ப்பெயரைச் சுமக்கும் கடைகள்: கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும்

ஆய்வுச்சுருக்கம்

ஓர் ஊரின் பெயர் அங்கு உருவாகும் பொருளுக்குத் தரச்சான்றாக அமையும்போது, அப்பெயரை வெளியுலகிற்கு எடுத்துச்செல்லும் தூதர்களாக உள்ளூர்ச் சிறு வணிகர்கள் செயல்படுகின்றனர். அவர்கள் ஈட்டும் நற்பெயர் ஊர் முழுமைக்கும் உரியதாகிறது. அவர்களுடைய பிழையும் அவ்வாறே. கோவில்பட்டிக் கடலைமிட்டாய், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, புவிசார் குறியீடு இவ்வணிகர்களுக்கு எதை அளிக்கிறது, எதை அளிக்க இயலாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஊர்ப்பெயர், புவிசார் குறியீடு, சிறு வணிகம், கடலைமிட்டாய், பால்கோவா.

முன்னுரை

பொருளை அது பிறந்த இடத்தின் பெயரால் அறிவது தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலை, பொன்னை வடமலையோடும் சந்தனத்தை மேற்குமலையோடும் முத்தைத் தென்கடலோடும் பவளத்தைக் கீழ்க்கடலோடும் சேர்த்தே சுட்டுகிறது. காஞ்சிபுரம் பட்டு, திண்டுக்கல் பூட்டு, மணப்பாறை முறுக்கு, பழனிப் பஞ்சாமிர்தம் என இன்று வழங்கும் தொடர்களிலும் இவ்வழக்கின் தொடர்ச்சியைக் காணலாம். இவற்றில் ஊர்ப்பெயர் முகவரியாக மட்டும் நிற்பதில்லை; வாங்குபவருக்கு அளிக்கப்படும் உறுதிமொழியாகவும் நிற்கிறது.

நாடுகளுக்கும் வணிகக்குறி போன்ற ஒரு மதிப்பு உண்டு என்ற கருத்தை 1990களில் முன்வைத்தவர் சைமன் அன்ஹோல்ட். அம்மதிப்பு விளம்பரத்தால் அமைவதன்று, செயலால் அமைவது என்பதை அவர் பின்னர் வற்புறுத்தினார். சிற்றூர், சிறுநகர் அளவில் இக்கருத்தைப் பொருத்தும்போது, அச்செயல் யாருடையது என்னும் வினா எழுகிறது. பேருந்து நிலையத்திலோ தொடர்வண்டி நிலையத்திலோ சில நிமிடங்கள் மட்டும் தங்கிச் செல்லும் பயணி, அவ்வூரின் நிருவாகத்தையோ வரலாற்றையோ அறிவதில்லை. அவர் அறிவது ஒரு கடையையும் அங்கு வாங்கிய பொட்டலத்தையுமே.

அமர்த்தப்படாத தூதர்

திருக்குறளின் 69ஆம் அதிகாரமாகிய ‘தூது’, தூதருக்குச் சொல்வன்மையோடு சொற்சோர்வு இல்லாமையையும் வேண்டுகிறது. தூதர் உரைப்பது தம் சொல்லன்று. தம்மை அனுப்பியவரின் சொல். ஆகவே அவர் நாவில் நேரும் பிழை, அனுப்பியவரையே சாரும்.

உள்ளூர் வணிகரின் நிலை இதனோடு ஒருபுறம் ஒத்தும் ஒருபுறம் வேறுபட்டும் காணப்படுகிறது. அவருடைய பொருளின் குறை ஊரைச் சாரும் என்பது ஒற்றுமை. ஆனால் அவரை எவரும் தூதராக அமர்த்தவில்லை. அவர் தம் பிழைப்பிற்காகவே கடை நடத்துகிறார். ஊர்ப்பெயரைப் பலகையில் எழுத அவர் எவரிடமும் ஒப்புதல் பெறுவதில்லை. அப்பெயரின் மதிப்பை வளர்த்தால் அதன் பயன் அண்டைக் கடைக்காரருக்கும் கிட்டும். மதிப்பைக் குறைத்து மலிவாக விற்றால் ஆதாயம் அவருக்கும் இழப்பு அனைவருக்கும் ஆகும். பொதுக்கிணற்றுக்கு நேரும் இடரே ஊர்ப்பெயருக்கும் நேர்கிறது.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில், மானாவாரி வேளாண்மையை நம்பிய கரிசல் நிலத்தில் அமைந்தது கோவில்பட்டி. மதுரையையும் திருநெல்வேலியையும் இணைக்கும் தொடர்வண்டிப் பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் இவ்வழியே செல்கின்றன. கடலைமிட்டாய் இங்குப் பெருந்தொழிலாக வளர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். நிலக்கடலையே தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர். எனவே ஓர் ஊர்ப்பெயர் மதிப்புப் பெறுவதற்குப் பழைமை இன்றியமையாததன்று. ஒரே தரத்தைப் பல்லாண்டு தொடர்ந்து காப்பதே போதும் என்பதற்கு இது சான்றாகும்.

செய்முறை எளியது போலத் தோன்றும். கடலையை வறுத்துத் தோல் நீக்கி, பருப்பை இரண்டாக உடைத்து, வெல்லப் பாகில் கலந்து, பலகையில் பரப்பிச் சூடு ஆறுமுன் துண்டுகளாக இடுவர். திறன் அனைத்தும் பாகின் பதத்தில் உள்ளது. பதம் இளகினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், முற்றினால் கசக்கும். வெல்லத்திற்கு மாற்றாகச் சர்க்கரையையோ குளுக்கோசையோ சேர்த்தால் செலவு குறையலாம். பொட்டலத்தின் தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. வேறுபாட்டை உண்பவரின் நாவே உணரும். அப்போது அவர் கடையின் பெயரை மறந்து, ‘கோவில்பட்டி மிட்டாய் முன்போல் இல்லை’ என்றே கூறுவார்.

2020இல் இம்மிட்டாய் புவிசார் குறியீடு பெற்றது. தனியொரு நிறுவனமாக அன்றி, உற்பத்தியாளரும் சில்லறை விற்பனையாளரும் இணைந்த சங்கமாக விண்ணப்பித்தமை இங்குக் குறிப்பிடத்தக்கது. நாள்தோறும் போட்டியிடுவோர், தாம் பகிர்ந்துகொள்ளும் பெயர் பொதுவானது என்பதை இதன்வழி எழுத்தில் ஏற்றனர்.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த திருவில்லிபுத்தூரில், கறவை மாடு வளர்ப்போரே ஊர்ப்பெயரின் அடித்தளமாவர். பாலும் சர்க்கரையுமே பால்கோவாவின் மூலப்பொருள்கள். பாலைச் சுண்டக் காய்ச்சி இடையறாது கிளறுவதே தொழில்நுட்பம். 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பதிவில் முன்னின்றது பால் கூட்டுறவுச் சங்கம்.

கடலைமிட்டாய் பல வாரம் கெடாது. பால்கோவாவோ சில நாள்களில் சுவை மாறும் தன்மையது. ஆகையால் கோவில்பட்டியின் பெயர் நெடுந்தொலைவு பயணம் செய்ய, திருவில்லிபுத்தூரின் பெயர் பெரும்பாலும் ஆண்டாள் கோயிலுக்கு வருவோரின் கைவழியே பரவுகிறது. இத்தகைய சூழலில் எடையைக் கூட்ட மாவு கலக்கும் ஒரு கடை, வாங்குபவரை மட்டும் ஏமாற்றுவதன்று. கலப்படத்தின் அளவுக்குப் பாலின் தேவை குறைகிறது. அவ்வளவுக்கு மாடு வளர்ப்போரின் வருவாயும் குறைகிறது. பெயரின் மதிப்பு சரிந்தால், கடை வைத்திராத, பலகையில் பெயர் எழுதாத அக்குடும்பங்களும் இழப்பிற்கு ஆளாகும்.

சட்டம் தருவதும் தராததும்

இந்தியப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன் பதிவகம் சென்னையில் இயங்குகிறது. வணிகக்குறியிலிருந்து இது அடிப்படையிலேயே வேறானது. வணிகக்குறியை உரிமையாளர் பிறருக்கு விற்கலாம். புவிசார் குறியீட்டை எவருக்கும் விற்கவோ உரிமை மாற்றவோ இயலாது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

பதிவேட்டில் இரு பகுதிகள் உண்டு. முதற்பகுதியில் குறியீடும் அதன் பதிவு உரிமையாளரும், இரண்டாம் பகுதியில் அங்கீகரிக்கப்பட்ட பயனர்களும் இடம்பெறுவர். குறியீட்டைப் பயன்படுத்தும் தனியுரிமை இவ்விரண்டாம் பகுதியில் பதிந்தோர்க்கே உரியது. சங்கம் பெயரைப் பதிந்ததனால் மட்டும் ஒவ்வொரு கடையும் அவ்வுரிமையைப் பெற்றுவிடுவதில்லை. ஒவ்வோர் உற்பத்தியாளரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம், கட்டணம், ஆவணம் ஆகியவற்றுக்குப் பழகாத சிறு உற்பத்தியாளர் இதனைத் தவிர்த்தால், ஊர்ப்பெயரை உருவாக்கியவரே அதன் சட்டப் பாதுகாப்பிற்கு வெளியே நிற்க நேரிடும்.

மேலும், சட்டத்தின் காவல் முதன்மையாக எல்லையைக் காக்கிறது. வேற்றூரில் செய்த மிட்டாயைக் கோவில்பட்டியின் பெயரால் விற்பதைத் தடுக்க அது வழி தருகிறது. எல்லைக்குள்ளேயே தரம் தாழ்ந்தால், பதிவின்போது குறிப்பிடப்பட்ட கண்காணிப்பு அமைப்பு உண்மையில் செயல்பட வேண்டும். அவ்வமைப்பு காகிதத்தில் மட்டும் இருப்பின், பதிவுச்சான்று சங்க அலுவலகச் சுவரை அணிசெய்யும் படமாகவே எஞ்சும்.

முடிவுரை

மேற்கண்ட இரு சான்றுகளிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. ஊர்ப்பெயரின் மதிப்பைப் பழைமையை விடத் தொடர்ந்து காக்கப்படும் தரமே நிலைநிறுத்துகிறது. அதனை நாள்தோறும் எடுத்துச்செல்வோர் சிறு வணிகர். அதன் இலாப இழப்பில் பங்குகொள்வோர் கடைக்கு வெளியிலும் உள்ளனர். புவிசார் குறியீடு பெயருக்கு வேலி அமைக்கிறது. வேலிக்குள் பயிரைக் காப்பது சங்கங்களின் பொறுப்பு. எனவே பதிவு பெற்ற மகிழ்ச்சியோடு நின்றுவிடாது, உறுப்பினர் ஒவ்வொருவரையும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதியச்செய்வதும், சேர்பொருள்களைப் பொட்டலத்தின்மீது ஒளிவின்றி அச்சிடச்செய்வதும், தரம் தாழ்த்துவோரைச் சங்கமே முதலில் தட்டிக்கேட்பதும் இன்றியமையாதன. அமர்த்தப்படாத தூதருக்கு அரசன் இல்லை. அவரைக் கேள்வி கேட்கவேண்டியவர் அதே பெயரைச் சுமக்கும் மற்றொரு கடைக்காரரே.