பாட்டன் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

குடகில் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல் போள்து விழாவில் காந்தள் மலர் சூட்டித் துப்பாக்கிக்குப் பூசை செய்வார்கள். பாட்டன் காலத்துத் துப்பாக்கியை வைத்திருப்போர் அதில் கண்ட தோட்டாவையும் போடலாகாது.

பழைய 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டரே. இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டாவும், வாய் மடிந்திருப்பதால், தடையின்றி நுழைந்துவிடும். ஆபத்தே அதில்தான்! சுடும்போது மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் எகிறும். குழல் வெடித்தால் கைவிரல்கள் போய்விடும்.

இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல்கள் பெரும்பாலும் கரிமருந்துக்கென அமைந்தவை. நைட்ரோ சோதனை முத்திரை இல்லாதவற்றில் புகையில்லா மருந்துத் தோட்டா கூடாது. எஃகு ரவையும் வேண்டாம்.

தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் முத்திரை, அறை நீளம், குழலின் கனம் மூன்றையும் சோதித்த பிறகே தோட்டா வாங்குங்கள். ஐயமிருந்தால் பூசையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.