ஒரு முகத்துக்கு ஒரு கத்தி

செவ்வாய்க்கிழமையன்று தாடையைத் தடவிக்கொண்டு சலூன் வாசலில் நிற்கிற ஆசாமியைப் பார்த்தால், அவர் தமிழ்நாட்டுக்குப் புதியவர் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். அன்றைக்கு ஊரில் பெரும்பாலான சலூன்களுக்கு விடுமுறை. நானோ வேண்டுமென்றே ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து ராயபுரத்துக்குப் போனேன். தாடையில் ஒரு பிளாஸ்திரி. கைப்பையில் ஒரு சவரக்கத்தி.

கத்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலமாக நம் வாலிபர்கள் சிலருக்குத் தாத்தா காலத்து மடக்குக் கத்தியில் தாமே சவரம் செய்துகொள்ள வேண்டுமென்று ஒரு மோகம் பிறந்திருக்கிறது. அந்த மோகம் என்னையும் தொற்றிக்கொண்டது. தபாலில் ஒரு கத்தியை வரவழைத்தேன். பளபளவென்று கண்ணைப் பறித்தது. பெட்டியைப் பிரித்த மறு நிமிஷமே கண்ணாடி முன் நின்றேன். அதன் பலன்தான் பிளாஸ்திரி.

கல்மண்டபத்துக்கு அருகே ஒரு சந்தில் சலூன் வைத்திருக்கும் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சாத்திய கதவை ஒரு பக்கம் திறந்துவைத்து எனக்காகக் காத்திருந்தார். என் கத்தியை வாங்கி, வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். முன்கை ரோமத்தின் மேல் மெதுவாக நகர்த்தினார். ஒரு ரோமமும் அசையவில்லை.

"இது இன்னும் கத்தியே ஆவலை தம்பி. இத்த வெச்சினா மூஞ்சில கோடு போட்டுக்கினே?"

கடையில் புதிதாக விற்கும் சவரக்கத்திகளில் பல, முகத்தில் வைக்கத் தயாரான கூரோடு வருவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாங்கியவர் கல்லில் தீட்டி, வாரில் இழுத்த பிறகே அதற்குச் சவரக்கத்தி என்ற பெயர் பொருந்துமாம். ஆகவே வாங்குகிறபோதே, "தீட்டி முடித்த கத்தியா?" என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

பெரியவர் உள்ளே போய் ஒரு தோல் பையை எடுத்து வந்தார். அந்தக் காலத்தில் நாவிதர்கள் வீடு வீடாகத் தூக்கிச் சென்ற அடப்பம். சவரக்கத்தி இரண்டு, கத்திரிக்கோல், சின்னச் சாணைக்கல், பித்தளைக் கிண்ணம், நகவெட்டி எல்லாம் அதில் இருந்தன. இந்தச் சமூகத்தாருக்கு மருத்துவர் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. கட்டியைக் கீறுவதும் புண்ணுக்கு மருந்து வைப்பதும் ஒரு காலத்தில் இவர்கள் வேலை. இவர்கள் வீட்டுப் பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார்கள். பெரியவரின் அப்பா துறைமுகத் தொழிலாளிகளுக்கும் காசிமேட்டு மீனவர்களுக்கும் இந்தக் கத்தியால்தான் சவரம் செய்தாராம். பெரியவரும் பன்னிரண்டு வயதில் இதைத்தான் கையில் எடுத்தார்.

"இப்போது இதை உபயோகிப்பதில்லையா, ஐயா?"

"முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. நல்ல நாள்ல எடுத்துத் துடைச்சி, எண்ணெ போட்டு வெச்சிடுவேன். அவ்ளோதான்."

ஏன் என்று கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார்: "பயம் வந்துச்சு. நாயமான பயம்."

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகத் தென்பட்டது அந்த மாதிரிகளில்தான். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் 'சலூனில் புது பிளேடு கேளுங்கள்' என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. ஒரே கத்தியைக் கிருமிநாசினித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி அடுத்த முகத்துக்குக் கொண்டுபோகிற வழக்கம் மெல்ல மறைந்தது. பிளேடை இரண்டாக ஒடித்து, பாதியை ஒரு பிடியில் செருகி, ஒருவருக்கு முடிந்ததும் கழற்றி எறிகிற இன்றைய வழக்கம் வந்து சேர்ந்தது.

உண்மையைச் சொன்னால், சவரக்கத்தி விஷயத்தில் எச்.ஐ.வி.யைவிட அதிகம் பயப்பட வேண்டியது மஞ்சள் காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ் பி கிருமிக்கு. எச்.ஐ.வி. உடலை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் பலவீனப்பட்டுவிடும். ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. காய்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும். பிளேடை மாற்றிவிட்டு, எல்லோர் கன்னத்திலும் ஒரே படிகாரக் கட்டியைத் தேய்க்கிற சலூன்களை இன்றும் காணலாம். பிளேடுக்கு உள்ள நியாயம் படிகாரத்துக்கும் உண்டல்லவா?

பெரியவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. மகனுக்குக் கத்தி தீட்டத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "நைனா மூணு வருசம் வாரை இழுக்கவே கத்துக் குடுத்தாரு. அது என்னோட போவுது. போவட்டும். ஊரு மூஞ்சிக்கெல்லாம் ஒரு கத்தின்றது தப்பு. ஒரு மூஞ்சிக்கு ஒரு கத்தின்னா, அப்ப நான் கத்துக் குடுக்கறேன்" என்றார்.

வீட்டுக் கத்தியின் யோகமே இதில்தான் இருக்கிறது. சலூனிலிருந்து அது வெளியேறக் காரணமான குற்றம், ஒரே ஒருவர் உபயோகிக்கிறபோது இல்லை. ஆனால் அந்த ஒருவர் உண்மையாகவே ஒருவராக இருக்க வேண்டும். அண்ணன், தம்பி, அறைத் தோழன் யாருக்கும் இரவல் கூடாது.

தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது என்பது ஐரோப்பாவிலேயே ஒரு காலத்தில் புதுமையாகத்தான் இருந்தது. பாரிஸில் கத்தி செய்துவந்த ழான் ழாக் பெரே என்பவர் 1769-இல் அதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். கத்திக்கு மரத்தால் ஒரு காப்பும் செய்து பார்த்தார். பிறகு அமெரிக்காவில் கிங் ஜில்லெட் வந்தார். 1903-இல் அவருடைய கம்பெனி விற்ற ரேஸர்கள் மொத்தமே 51. மறு வருஷம் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது! முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ரேஸர் வழங்கப்பட்டதும் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. விஷவாயு முகமூடி தாடியின் மேல் சரியாக ஒட்டாது என்பதும் அதற்கு ஒரு காரணம். இன்றும் ரசாயனத் தொழிற்சாலைகளில் முகத்தோடு ஒட்டும் முகமூடி அணிகிறவர்கள் மழித்த தாடையோடுதான் வேலைக்குப் போக வேண்டும். எண்ணூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, என்ன வாங்குவது? கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். புதியவருக்கு 5/8 அல்லது 6/8 அங்குலம் போதும். முனை கூராக இல்லாமல் வட்டமாக இருப்பது நல்லது. கூர்முனை காதோரத்தில் பதம் பார்த்துவிடும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் ஸோலிங்கனும் இதற்குப் பேர்போன ஊர்கள். ஸோலிங்கன் என்ற பெயரை அந்த ஊர்ச் சரக்கின் மேல் மட்டுமே பொறிக்கலாம் என்று 1938-இலேயே ஜெர்மனியில் சட்டம் போட்டார்கள். பழைய கத்தியை வாங்கினால், கிருமி நீக்கி, தெரிந்தவரிடம் தீட்டாமல் முகத்தருகே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது தோல் வார். இதில் முதலிலேயே அதிகப் பணம் போடாதீர்கள். எப்படியும் கற்றுக்கொள்ளும்போது அதை இரண்டு இடத்திலாவது வெட்டிவிடுவீர்கள். பெரியவர் வாரை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்துப் பிடித்தார். கத்தி படுக்கையாக வாரில் கிடந்தது. முதுகு முன்னே போக, கூர் பின்னே வந்தது. கடைசியில், முதுகு வாரை விட்டு எழாமலே கத்தி புரண்டு மறுபக்கம் படுத்துத் திரும்பியது. 'சளக், சளக்' என்று ஒரே தாளம்! என் கைக்கு வந்தபோது தாளம் தப்பியது. வாரிலும் ஒரு வெட்டு விழுந்தது. "கூர் மேல பொரட்டாதே. முதுகு மேல பொரட்டு" என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் நாற்பது, ஐம்பது இழுப்பு. அவசரம் கூடாது, அழுத்தமும் கூடாது.

வார் கூரைச் சீர்படுத்துமே தவிர, மழுங்கிய கத்திக்குப் புதுக் கூர் தராது. அதற்குக் கல் வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் உபயோகிக்கிற கத்தியைச் சில மாதங்களுக்கு ஒரு முறை கல்லில் போட்டால் போதும். முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படுமாறு படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும்; கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும். கூர் வைக்க 1000 எண்ணுள்ள கல், பிறகு 4000, 8000 என்று மேலும் மேலும் நைஸான கற்கள் இருக்கின்றன. தெருவில் சக்கரத்தோடு வருகிற சாணைக்காரரிடம் மட்டும் இதைக் கொடுத்துவிடாதீர்கள். அரிவாள்மணைக்கும் கத்திரிக்கோலுக்கும் அவர் நல்ல தொழிலாளிதான். ஆனால் அந்தச் சக்கரத்தின் சூட்டில் சவரக்கத்தியின் மெல்லிய கூர் பாழாகிவிடும்.

என் தாடைக் காயத்தின் காரணத்தைப் பெரியவர் ஒரே கேள்வியில் கண்டுபிடித்தார். "குறுக்கால இழுத்தியா?" ஆமாம், இழுத்தேன். கத்தி முன்னால் போகலாம். கூரின் நீளவாட்டில், பக்கவாட்டாக மட்டும் அசையக் கூடாது. வாழைக்காய் நறுக்குவதும் முகத்தை நறுக்குவதும் அப்படித்தான்.

குளித்த கையோடு சவரம் செய்வது உத்தமம் என்கிறார். இல்லாவிட்டால் இரண்டு, மூன்று நிமிஷமாவது முகத்தை நனைய வைக்க வேண்டும். தண்ணீர் குடித்த ரோமம் மிருதுவாகிவிடும். பிரஷ்ஷால் சோப்பை நன்றாக நுரைக்கவிட்டு, இடது கையால் தோலை இறுக்கிப் பிடித்து, ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும். கத்தியைக் கன்னத்தில் படுக்கவைத்து, அதன் முதுகின் கனத்தைப் போல் இரண்டு மடங்கு இடைவெளி விட்டு முதுகைத் தூக்கினால், ஏறக்குறைய 30 டிகிரி வரும். அதற்கு மேல் தூக்கினால் வெட்டும். குறைந்தால் ரோமத்தைப் பிடுங்கும். முதல் வாரம் இரண்டு கன்னங்கள் மட்டும். மீதியைப் பழைய ரேஸரிலேயே முடித்துக்கொள்ளலாம். அப்புறம் கழுத்து, மோவாயும் மேலுதடும் கடைசியில். முகப்பரு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

கடலோரக்காரர்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. இந்தக் கத்திகளில் பெரும்பாலானவை துருப்பிடிக்கும் எஃகு. காசிமேட்டுக் காற்றில் ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் காலையில் கூரின் மேல் செம்புள்ளி தெரியும். துடைத்து, உலரவைத்து, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். குளியலறையில் வைக்கவே கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டி வையுங்கள்.

பேசிக்கொண்டே பெரியவர் என் கத்தியைக் கல்லில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்திருந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் டீ வந்தது. அதை ஆறவிட்டுவிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாரில் இழுத்தார். முன்கையில் வைத்தார். இந்தத் தடவை ரோமம் சத்தமில்லாமல் உதிர்ந்தது. கிழவர் முகத்தில் ஒரு சந்தோஷம்!

நான் கையை நீட்டினேன். அவர் கத்தியை மடக்கித் தம் அடப்பத்தில் போட்டுக்கொண்டார்.

"இது இங்கியே இருக்கட்டும். நீ மொதல்ல பலூன்ல பழகு."

ஊதிய பலூனில் சோப்பு நுரையைத் தடவி, அது வெடிக்காமல் நுரையை மட்டும் வழித்தெடுப்பது தொழில் கற்கிறவர்களுக்குப் பழைய பாடம். பலூனுக்கும் இந்தப் பக்கத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்ததுதான், பின்னால் எம்.ஆர்.எஃப். டயர்க் கம்பெனியாக வளர்ந்தது.

"எதை வைத்து வழிப்பது, ஐயா? கத்தியை நீங்கள் வைத்துக்கொண்டீர்களே!"

"ஊட்ல ஸ்பூன் இருக்குதில்ல? அந்தப் பிடியால வழி. கோணம் கைக்கு வரட்டும். வர்ற செவ்வாக்கெழமை வா, கத்திய எடுத்துத் தரேன். ரெண்டு டசன் பலூன் வாங்கிக்கினு வா."